மல்லிகைத் தோட்டத்தில் கார்த்திகைக் கவாத்து

சென்னைக்கு மேற்கேயுள்ள பூந்தமல்லிக்குப் பூவிருந்தவல்லி என்று மற்றொரு பெயரும் உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் அமைத்து, அதில் மலர்ந்த பூக்களைக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டு சென்று சாத்தி வந்தார் என்பது வைணவர்களிடையே வழங்கும் ஐதிகம். அவ்வூர்க் கோயிலில் தாயாரின் திருநாமமும் புஷ்பவல்லி என்பதேயாம். ஆகவே, பூப்பயிர் இப்பிரதேசத்துக்குப் புதிதன்று.

1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் ஏற்பட்ட பின்னர், இவ்விரண்டு ஊர்களைச் சுற்றியிருந்த நஞ்சை புஞ்சைகளில் பெரும்பகுதி மனைகளாக மாறிவிட்டது. எஞ்சியுள்ள கிணற்றுப் பாசன நிலங்களில் சிறு அளவிலேனும் லாபம் தரத்தக்க பயிர்களுள் மல்லிகை முக்கியமானது. வடமேற்கே வெங்கல், கன்னிகைப்பேர், பெரியபாளையம் வரையிலுள்ள கிராமங்களிலும் மல்லிகை, ரோஜா, கனகாம்பரம் முதலிய பூப்பயிர்கள் சாகுபடியில் உள்ளன. 1996-இல் ஏற்பட்ட கோயம்பேடு மொத்த விற்பனை அங்காடி அருகில் இருப்பதும், திருவேற்காடு, மாங்காடு, பெரியபாளையம் ஆகிய தலங்களின் அம்மன் கோயில்களுக்கு ஆண்டு முழுவதும் பூ தேவைப்படுவதும் இப்பகுதிக் குடியானவர்களுக்கு அனுகூலங்களாகும்.

இவ்வளவு அனுகூலங்கள் இருந்தும், ஒரே மண்ணில் ஒரே வயதுடைய இரண்டு தோட்டங்களுள் ஒன்று கோடையில் வெள்ளை விரித்தாற்போல் பூப்பதையும், மற்றொன்று தழை மிகுந்து பூ குறைந்து நிற்பதையும் காணலாம். விதை, நீர், உரம் ஆகியவற்றில் வேற்றுமை இல்லாதபோதும் இவ்வேற்றுமை நேர்வதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே. முன்னதில் கார்த்திகை மாதத்தில் கவாத்து நடந்திருக்கும். பின்னதில் நடந்திராது, அல்லது அரைகுறையாக நடந்திருக்கும்.

பூ தோன்றும் இடம்

எந்தப் பூச்செடியையும் வெட்டுவதற்கு முன்னர், அதன் மொட்டு எந்தக் கிளையில், எந்தக் காலத்தில் உண்டாகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம். குண்டு மல்லியின் மொட்டுகள் அவ்வாண்டில் புதிதாகத் துளிர்த்த இளங்கிளைகளின் நுனியிலேயே உண்டாகின்றன. முதிர்ந்து மரத்துப்போன பழைய கிளைகள் இலையைத் தாங்குமேயன்றிப் பூவைத் தாரா. எனவே புதுத் துளிர் எத்தனையோ, அத்தனையே பூங்கொத்து எனக் கொள்ளலாம். கவாத்தின் நோக்கம் செடியைச் சிறிதாக்குவது அன்று. பூக்காத பழங்கிளைக்குச் செல்லும் சத்தைப் பூக்கும் புதுக்கிளைக்குத் திருப்புவதே ஆகும்.

எல்லாச் செடிகளுக்கும் இவ்விதி பொருந்தாது என்பதற்கு ஜப்பான் தேசத்தார் தொட்டிகளில் குட்டை மரமாக வளர்க்கும் அசேலியா நல்ல உதாரணம். நீலகிரியின் சோலைகளில் காட்டுப் பூவரசு என்று வழங்கும் ரோடோடெண்ட்ரான் மரத்தின் இனத்தைச் சேர்ந்தது இச்செடி. அங்குள்ள குளிர்ந்த தோட்டங்களிலும் வளர்கிறது. சென்னையின் வெப்பத்தைத் தாங்காது. ‘சாட்சுகி’ என்ற வகை மே, ஜூன் மாதங்களில் பூக்கும். பூ உதிர்ந்தவுடன் ஜப்பானியர் வாடிய பூக்களையும் காய்ப்பிடிப்பையும் கிள்ளியெறிந்து, கிளைகளை வெட்டி ஒழுங்கு செய்துவிடுவர். அதன்பின் வளரும் துளிர்களின் நுனியில் அக்கோடைக்குள்ளாகவே மறுவருஷத்து மொட்டு கருக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் உறங்கியிருக்கும். சோம்பலால் நாள் தள்ளி இலையுதிர் காலத்தில் வெட்டுபவன், வரும் ஆண்டின் பூவையே வெட்டியெறிந்தவன் ஆவான்.

மல்லிகையோ குளிர்காலத்தில் மொட்டைச் சுமந்திருப்பதில்லை. பனிக்காலத்தில் அதன் வளர்ச்சி ஓய்ந்திருக்கும். வெயில் ஏறத் தொடங்கும்போது துளிர்விட்டுப் பூக்கும். ஆகையால் அதை ஓய்வுக்காலத்தின் தொடக்கத்தில் வெட்டுவது முறை. அசேலியாவுக்குப் பூ முடிந்த மறுவாரம் எப்படியோ, மல்லிகைக்குக் கார்த்திகை அப்படி. இரண்டிலும் பாடம் ஒன்றே: அடுத்த ஆண்டின் பூ, இந்த ஆண்டின் குறித்த சில நாட்களில் நிச்சயிக்கப்படுகிறது.

குடியானவர் தயங்குவதன் காரணம்

கவாத்தின் பயனைக் குடியானவர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்திருந்தும் பலர் தள்ளிப்போடுவதற்கு விலைவாசியே காரணம். சித்திரை, வைகாசி மாதங்களில் பூ மிகுந்து வருவதால் மண்டியில் விலை சரிந்து, சில நாட்களில் பறிகூலிக்கும் கட்டாமல் போகிறது. மார்கழியிலும் தைப் பொங்கலையொட்டியும் பூ அருமையாகி, கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்ற ஆண்டுகள் பல உண்டு. அப்போது செடியில் கிடைக்கும் ஒரு கைப்பிடி மொட்டும் காசாகும். அக்கைப்பிடி மொட்டைத் தரும் கிளையைக் கார்த்திகையில் வெட்டச் சொன்னால் யாருக்கும் மனம் வராது.

இந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் கணக்கை ஓராண்டோடு நிறுத்திவிடக் கூடாது. ஒருமுறை கவாத்து தவறிய செடியில் பழங்கிளைகள் பின்னிக்கொண்டு, நடுவில் வெயிலும் காற்றும் புகாது. துளிர்கள் மேல்நுனியில் மட்டும் மெலிந்து உண்டாகும், மொட்டு சிறுக்கும், பறிப்பவர்கள் எட்டிப் பறிக்கவேண்டியதால் நேரமும் கூலியும் மிகும். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தவறினால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் பயன் தரவேண்டிய தோட்டம் அதற்கு வெகு முன்பே களைத்துவிடும். மார்கழியில் பெற்ற சில நாள் விலைக்காகத் தோட்டத்தின் ஆயுளையே விற்றதாக முடியும்.

இரண்டு லாபங்களையும் விடாமலிருக்க ஒரு வழி உண்டு. தோட்டத்தை மூன்று பாகமாகப் பிரித்து, இரண்டு பாகத்தை நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்துவிட்டு, மூன்றாவது பாகத்தைப் பொங்கல் முடிந்தவுடன் கவாத்து செய்யலாம். மிச்சம் விட்ட பாகம் பனிக்காலத்து விலையைச் சிறிதளவேனும் பெற்றுத் தரும். அது பின்னால் துளிர்ப்பதால், கோடையின் பெருவரத்து குறையத் தொடங்கும் சமயத்தில் பூத்துவரும். எல்லாப் பூவும் ஒரே வாரத்தில் மண்டிக்குச் சென்று விலை இறங்குவதும், ஒரே வாரத்தில் எல்லாச் செடிக்கும் ஆள் தேடி அலைவதும் இதனால் தவிர்க்கப்படும். இவ்வாறு மிச்சம் விடும் பாகத்தை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்வது முக்கியம். ஒரே பாகத்தை எப்போதும் பின்தள்ளக் கூடாது.

கவாத்து செய்யும் முறை

குண்டு மல்லியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 20 அங்குல உயரத்தில் வெட்டிவிட வேண்டும். முதல் தடவை காண்பவர்களுக்கு இது மிகக் கொடியதாகத் தோன்றும். செடி முழுவதும் போய்க் குச்சிகள் மட்டும் நிற்கும். அஞ்சத் தேவையில்லை. வேர் நன்றாக இருக்கும் செடியில் இரண்டு மூன்று வாரங்களில் கணுக்கள்தோறும் துளிர் முகம் காட்டும்.

உயரத்தைக் குறைத்தபின், உள்ளே காய்ந்தும் நோய்பட்டும் நிற்கும் குச்சிகளையும், ஒன்றன்மேல் ஒன்று உராயும் கிளைகளையும், தரையில் படர்ந்து கிடப்பவற்றையும் அடியோடு நீக்க வேண்டும். நடுவே வெயில் விழுமாறு, கிண்ணம் போன்ற அமைப்பில் நல்ல கிளைகளை நிறுத்திக்கொள்வது உத்தமம். மிஞ்சிய இலைகளையும் உருவிவிடலாம். கவாத்துக் கத்தரி கூர்மையாயிருக்க வேண்டும். மழுங்கிய அரிவாளால் வெட்டினால் பட்டை கிழிந்து, காயத்தின் வழியே பூசணம் ஏறும். வெட்டு, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக விழட்டும். தடித்த கிளைகளின் வெட்டுவாயில் போர்டோ பசையைத் தடவுவது நல்லது. நோய்பட்ட செடியை வெட்டிய கத்தரியைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் அடுத்த செடியில் வைக்கலாகாது.

வெட்டிய தழையைத் தோட்டத்திலேயே குவித்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதில் புழுக்களும் சிலந்திப்பேனும் தங்கியிருந்து புதுத் துளிரில் ஏறும். நோயற்ற தழையைத் தொலைவிலுள்ள எருக்குழியில் இட்டு மக்கவிடலாம். நோய்பட்டதை எரித்துவிட வேண்டும்.

மற்ற மல்லிகை இனங்களுக்குக் காலம் வேறு. ஜாதிமல்லி என்றும் பிச்சி என்றும் வழங்குவதை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும், தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்வது தமிழ்நாட்டில் சிபாரிசு செய்யப்படும் முறை. ஒரே தோட்டத்தில் பல இனங்களை வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிடாமல் இதைக் கவனிக்க வேண்டும்.

மழையும் வடிகாலும்

தென் ஜில்லாக்களுக்குச் சொல்லும் நாட்கணக்கை இப்பகுதியார் அப்படியே கொள்ளாமல் வானத்தையும் பார்க்க வேண்டும். இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்றினால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்துப் பெருமழையையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலினால் நேர்ந்த வெள்ளத்தையும் இப்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து உபரிநீர் திறக்கப்படும் நாட்களில் தாழ்ந்த வயல்களில் நீர் நிற்பதும் உண்டு.

சாதாரணமாகக் கவாத்துக்கு முன் பத்துப் பதினைந்து நாட்கள் நீர் பாய்ச்சுவதை நிறுத்திச் செடியை ஓயவிடுவது வழக்கம். மழைநாட்டில் இது குடியானவர் கையில் இல்லை. ஆகவே ஐப்பசிக்கு முன்னதாகவே வரிசைகளுக்கிடையே வடிகால் வெட்டி, நீர் தேங்காதபடி செய்துகொள்வதே இதற்கு மாற்று. மல்லிகை வேர் நீரில் நின்றால் அழுகும். அழுகிய வேருள்ள செடியைக் கவாத்து செய்தால் துளிர்க்காமலே பட்டுப்போகும். வானம் மூடியிருக்கும்போதும், புயல் எச்சரிக்கை இருக்கும்போதும் கத்தரியை எடுக்கக் கூடாது. ஒரு வாரமோ பத்து நாளோ பிந்தினாலும், மழை விட்டு நிலம் ஆறியபின் வெட்டுவதே மேல். ஒரு மாதம் பிந்துவது வேறு. பத்து நாள் பிந்துவது வேறு.

உரமிடுதல்

வெட்டினால் மட்டும் பூ வராது. கவாத்துக்குப் பின் செடி தன் உடம்பு முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. அதற்குரிய ஆகாரம் கொடாமல் வெட்டுவது, எருதுக்குத் தீனியிடாமல் ஏர் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

கவாத்து முடிந்தவுடன் செடியைச் சுற்றி மண்ணை லேசாகக் கொத்திக் களை நீக்கி, செடி ஒன்றுக்குப் பத்து கிலோ நன்றாக மக்கிய தொழு உரம் இட வேண்டும். நான்கடிக்கு நான்கடி, அதாவது 1.25 மீட்டர் இடைவெளியில் நட்ட தோட்டத்தில் ஏக்கருக்கு உத்தேசமாக 2,560 செடிகள் இருக்கும். அவற்றுக்கு 25 டன்னுக்கு மேல் எரு வேண்டியிருக்கும். அவ்வளவு கிடைக்காதவர்கள் கிடைத்ததை எல்லாச் செடிக்கும் சமமாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கும் சேர்த்திடலாம்.

ரசாயன உரங்களில், ஆண்டொன்றுக்குச் செடிக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து தேவை. இதை இரண்டாகப் பகிர்ந்து கவாத்தின்போது ஒரு பாதியும், ஜூன் ஜூலையில் மறுபாதியும் இட வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் செடிக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் என்று கணக்கு வரும். தண்டை ஒட்டிக் கொட்டாமல், ஓரடி தள்ளி வட்டமாகப் பாத்தி பறித்து இட்டு மண்ணால் மூட வேண்டும். மழை எதிர்பார்க்கும் நாளில் யூரியாவை இட்டால் அது வடிகாலோடு போய்விடும். அதைத் துளிர் வந்தபின் இடுவதே சிக்கனம்.

மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தழைச்சத்தைப் போல இரு மடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். பச்சையாக இருக்கிறதென்று யூரியாவை மட்டும் அள்ளியிட்டால் தழையே மிகும். புதுத் துளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறைவு. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை தெளித்துவரக் குணமாகும்.

துளிரையும் மொட்டையும் காத்தல்

மல்லிகையின் முக்கியமான பகை மொட்டுப்புழு. இது மொட்டுகளைத் துளைத்து உண்டு, பலவற்றை நூலால் பின்னிவிடும். மற்றொன்று மொட்டு ஈ. இதன் புழுக்கள் மொட்டின் அடியைத் தின்பதால் மொட்டு ஊதா நிறம் அடைந்து மலராமலே உதிரும். மொட்டு ஈயின் புழு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது. ஆதலால் கவாத்தின்போது மண்ணைக் கொத்திவிட்டால், அது வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கி அழிப்பதும் அவசியம்.

துளிர்ப்பருவத்திலிருந்து 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளித்துவரலாம். வெயில் ஏறிய மாதங்களில் இலை வெளுத்துச் சாம்பல் படிந்தாற்போலானால் அது சிலந்திப்பேனாக இருக்கக்கூடும். லிட்டர் நீருக்கு 2 கிராம் நனையும் கந்தகத்தூள் தெளிக்க வேண்டும். எம்மருந்தானாலும் அன்றைய பறிப்பு முடிந்த பின்னரே தெளிப்பது முறை. இப்பூ நேரே பெண்களின் கூந்தலுக்கும் கடவுளின் திருமேனிக்கும் செல்வது என்பதை மறக்கலாகாது.

கார்த்திகையில் வெட்டிய செடி மாசி இறுதியில் மொட்டு காட்டத் தொடங்கி, பங்குனி சித்திரையில் முழு வரத்துக்கு வரும். நன்கு பேணிய தோட்டத்தில் ஹெக்டேருக்கு 8 டன், அதாவது ஏக்கருக்கு 3 டன்னுக்குச் சற்று மேல் மகசூல் எதிர்பார்க்கலாம். முற்றிய மொட்டுகளை விடியுமுன் பறிப்பதே நல்லது; வெயில் ஏறினால் எடையும் மணமும் குறையும்.

வீட்டுத் தொட்டியில் மல்லிகை

நிலத்தை மனையாக இழந்தும் மல்லிகையை இழக்க மனமில்லாதவர்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் மாடியில் தொட்டி வைத்து வளர்க்கிறார்கள். இவர்களுடைய செடி முதலாண்டு நன்றாகப் பூத்து, மூன்றாம் ஆண்டில் வெறும் தழையாக நிற்பது பெருவழக்கு. இங்கும் கவாத்தே மருந்து. ஆனால் கிளைக்கு மட்டுமன்றி வேருக்கும் செய்ய வேண்டும். ஜப்பானியர் குட்டை மரங்களைச் சில ஆண்டுகளுக்கொருமுறை தொட்டியிலிருந்து எடுத்து, சுற்றிச் சுருண்ட வேர்களை நறுக்கிப் புதுமண்ணில் வைப்பதுபோலவே, தொட்டி மல்லிகையையும் இரண்டாண்டுக்கொருமுறை கார்த்திகையில் மண்கட்டியோடு எடுத்து, ஓரத்து வேர்ச்சுருளை மட்டும் அரிந்து, புதிய செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து திரும்ப வைக்க வேண்டும். கிளையை ஓரடி உயரத்துக்குக் குறைத்து, துளிர்க்கும்வரை நீரை அளவாக விட வேண்டும். பாதி நாளேனும் நேர்வெயில் படாத இடத்தில் எவ்வளவு பேணியும் பூ குறைவாகவே இருக்கும்.

கிராம அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை

கவாத்து செய்த மல்லிகைத் தோட்டம், கார்த்திகை மார்கழியில் பார்ப்பவர்களுக்குக் குச்சி நட்ட தரிசு போலவே தோன்றும். அடங்கலில் சாகுபடியைப் பதிவு செய்பவர்கள் இதை மனத்திற்கொண்டு, தழையைப் பார்க்காமல் வேரைப் பார்த்து எழுத வேண்டும். வெள்ளம் வந்து பயிர்ச்சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ ஆனால் நிவாரணம் பெற வழியுண்டு. ஆனால் அடங்கலில் தரிசு என்று பதிந்த நிலத்துக்குப் பூஞ்செடி நட்டவன் எதைக் காட்டிக் கேட்பான்? மனை விலை ஏறி நிற்கும் இப்பகுதியில், பயிர் நிற்கும் நிலம் பயிர் நிலமாகவே பதிவாகியிருப்பது குடியானவனுக்கு எத்தனை முக்கியம் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாதாரர்களும் கவாத்துக்கு முன்னரே அலுவலரிடம் சொல்லிப் பதிவைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

முடிவாக

ராமநாதபுரம் ஜில்லா தங்கச்சிமடத்திலிருந்து வேர்விட்ட குச்சிகளை வாங்கி வந்து நடும்போதும், கிணற்றை ஆழப்படுத்தும்போதும், எரு வண்டிக்குக் கூலி கொடுக்கும்போதும் குடியானவர்கள் தயங்குவதில்லை. செலவே இல்லாமல், ஒரு கத்தரியும் சில நாள் உழைப்பும் மட்டும் வேண்டும் காரியத்தில்தான் தயங்குகிறார்கள். ஏனெனில் அதில் கண்முன் இருக்கும் பூவை விடவேண்டியிருக்கிறது. கண்முன் இருப்பது சென்ற கோடையின் மிச்சம். வரும் கோடையின் பூ இன்னும் கணுவுக்குள் உறங்குகிறது. மழை விட்ட முதல் நல்ல நாளில் அதை எழுப்புகிறவனுக்கே பங்குனியில் கூடை நிறையும்.